பன்னிரண்டு மணிக்குள் ஒரு வெளியாள்

பிள்ளைக்கு ஒன்றரை வயது ஊசி போட்டாச்சு. பதினொன்று இருபத்தைந்து. அட்டையில் நேரத்தை எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுத்துவிட்டார் நர்ஸ் ரெஜினா அக்கா. அரை மணி நேரம் இந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கக் கூடாது, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, காய்ச்சல் அடித்தால் மருந்து, அடிக்காவிட்டால் வேண்டாம், "கேட்டியாட்டி வடிவு, போன வாட்டி மாதிரி பத்தாவது நிமிசத்துல பஸ் வந்துட்டுன்னு ஓடிராத." ஓட மாட்டேன் அக்கா. எனக்கும் இன்றைக்கு இந்த பெஞ்சுதான் வேண்டும், எடை பார்க்கிற தராசுக்குப் பக்கத்தில் இருக்கிற ஜன்னலோர பெஞ்சு, இந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போனுக்கு சிக்னல் எட்டுகிற ஒரே இடம். புதன்கிழமை, தடுப்பூசி நாள், கூடம் முழுக்கக் கைக்குழந்தைக்காரிகள், ஒரு பிள்ளை நிறுத்தினால் இன்னொரு பிள்ளை ஆரம்பிக்கிறது. தாமிரா தொடையில் பஞ்சோடு என் தோளில் முகத்தைப் புதைத்து அழுகிறாள். அந்த அழுகையில் முதல் பாதி நிஜம், பிற்பாதி என்னைப் பார்க்க வைப்பதற்காக, அது எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். அழு கண்ணு, நல்லா அழு, அம்மாவுக்கு முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறது. உச்சி பன்னிரண்டோடு ஏழு நாள் முடிகிறது. நிர்வாகி ஒருவர் வருவார், உரையாடலை மேலிருந்து கீழே படிப்பார், வைப்பார் அல்லது தூக்குவார். 'செம்போத்து பட நிறுவனம்' என்கிற பக்கம் இணையக் கலைக்களஞ்சியத்தில் இருக்கும், இல்லையென்றால் இன்று மத்தியானம் நான் சோறு வடிக்கிற நேரத்துக்கு அது இருந்த இடமே தெரியாது. நான் எழுதிய பக்கம். ஒரு கையால் இவளைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டே மறு கைக் கட்டைவிரலால் எழுதிய பக்கம். கை பரபரக்கிறது. பயமா என்று கேட்டால் பயம்தான், ஆனால் பரீட்சைப் பேப்பர் கொடுக்கிறதுக்கு முந்தின நிமிடத்தில் எனக்கு எப்போதுமே இப்படித்தான், பயமும் சந்தோஷமும் ஒரே பாயில் படுத்துக் கிடக்கும்.

போன புதன்கிழமை பருப்பு கடைந்துகொண்டிருந்தபோது போன் சத்தம் கொடுத்தது, மத்தை வைத்துவிட்டுப் பார்த்தால் என் பக்கத்தின் நெற்றியில் சிவப்புப் பட்டை. 'இந்நிறுவனத்தின் குறிப்பிடத்தக்கமை ஐயத்திற்குரியது. நீக்கலாமா என்று உரையாடுக.' வைத்தவர் ஆந்தைவிழி. அது அவர் அங்கே வைத்துக்கொண்ட பெயர், அங்கே நான் தேரிக்காட்டு முயல். ஆளைப் பார்த்ததில்லை, எந்த ஊர் என்று தெரியாது, மனசுக்குள் ஆந்தை சார் என்று கூப்பிடுகிறேன். கோபம் வந்ததா என்றால் வந்தது, அரை நாள் இருந்தது, அதற்குமேல் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. தாமிரா இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, அம்மா வீட்டில் ஒரு பக்கம் பால் ஒரு பக்கம் போன் என்று படுத்துக் கிடந்த ஒரு மத்தியானம், பனங்கிழங்கு பற்றிய பக்கத்தில் ஒரு தப்பைப் பார்த்துத் திருத்தினேன், அதுதான் முதல் திருத்தம். அடுத்த நிமிடமே "வருக. மேற்கோள் தருக" என்று எழுதினவர் அவர்தான். பனங்கிழங்கு தின்பதற்கு மேற்கோளா என்று தனியாகச் சிரித்தேன், பிள்ளை முழித்துவிட்டது. பிறகு பழகிவிட்டேன். நாற்பத்தொரு பக்கம் எழுதியாச்சு, மூன்று குளம், ஒரு கலங்கரை விளக்கம், நாலு விதமான மீன், மேற்கோள் இல்லாமல் ஒரு வரி கிடையாது. நான் படித்தது ஊர்ப் பள்ளிக்கூடத்தில், பன்னிரண்டாவதோடு சரி. அங்கே ஒருத்தர்கூட நீ என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டதில்லை, இதை எங்கே படித்தாய் என்று மட்டும்தான் கேட்டார்கள். அதனாலேயே அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனது. இப்போது அதே கேள்வியைத்தான் கேட்கிறார், கேட்கட்டும், ஆனால் பதில் சொல்ல எனக்கு ஒரு வெளியாள் வேண்டும், அந்த வெளியாள்தான் கிடைக்க மாட்டேன் என்கிறான்.

கிடைக்காததற்குக் காரணம் தேவசகாயம் அண்ணன். செம்போத்து என்றால் பெரிய கம்பெனி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, தேவசகாயம் அண்ணன், அவருடைய கேமரா, என் வீட்டுக்காரர் சேர்மத்துரையின் மைக், ஸ்பீக்கர் அடங்கின ரேடியோ செட், அவ்வளவுதான் கம்பெனி. ஆறு வருடத்தில் மூன்று குறும்படம், ஒரு முழுப்படம். தியேட்டருக்குக் கொண்டுபோவதில்லை, பள்ளிக்கூட மைதானத்தில் திரை கட்டி ஊர் ஊராகக் காட்டுவார்கள். அண்ணனுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு, அவர் ஷூட்டிங்கில் வேடிக்கை பார்க்கிற ஆள் கிடையாது. பார்க்க வந்து நின்றால் போச்சு, "சும்மா நிக்கியளே, அந்தா அந்த சீட்ல போய் இருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துவிடுவார். 'பன்னிரண்டேகால் பஸ்' என்கிற முழுப்படம் அப்படித்தான் எடுத்தது. மத்தியானம் வருகிற ஒரே பஸ்ஸை நிறுத்திவிடுகிறார்கள், அந்த நேரம் பார்த்து ஒருத்திக்கு வலி வருகிறது, ஊரே சேர்ந்து அவளைக் கட்டிலோடு ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறது, அதுதான் கதை. நிஜமாகவே எங்கள் ஊருக்கு நின்றுபோயிருந்த பஸ், படம் நாலு ஊரில் ஓடின பிறகு திரும்ப வந்தது, ஆனால் படத்தால்தான் வந்தது என்று எழுத மேற்கோள் இல்லை, அதனால் அதை நான் எழுதவில்லை. எழுதினதற்கெல்லாம் மேற்கோள் கொடுத்தேன். பேப்பரில் மாவட்டப் பக்கத்தில் வந்த அரைப்பக்கச் செய்தி, ஒரு காலேஜ் மேடம் எழுதிய கட்டுரை, கேபிள் டிவிப் பேட்டி, கேரளாவில் ஒரு திரைப்பட விழா மலரில் வந்த ஒரு பக்கம். நாலு கால் உள்ள கட்டில், அசையாது என்று நினைத்தேன். ஆந்தை சார் என்ன செய்தார் தெரியுமா, இணையத்தில் இருக்கிற படத்தின் கடைசிக்குப் போய், பதினொரு நிமிடம் ஓடுகிற பெயர்ப்பட்டியலை, முந்நூற்றுப் பதினேழு பெயரையும், உட்கார்ந்து படித்திருக்கிறார். செய்தி எழுதிய நிருபர் குணசீலன்: படத்தில் கண்டக்டர். நீக்குக. கட்டுரை எழுதிய மேடம்: மூன்றாவது வரிசையில் தூங்கும் பயணி. நீக்குக. பேட்டி எடுத்தவர்: தாசில்தார். நீக்குக. 'இந்நிறுவனத்தைப் பற்றி எழுதிய ஏறக்குறைய எல்லாரும் இந்நிறுவனத்தின் படத்துக்குள் இருக்கிறார்கள். விழா மலர் மட்டுமே சார்பற்ற மூலம். இன்னொன்று வேண்டும்.' படித்துவிட்டு அடுப்படியில் நின்று சிரித்தேன், பருப்பு அடிபிடித்துவிட்டது. நிஜம்தானே. குணசீலன் அண்ணன் செய்தி சேகரிக்கத்தான் வந்தார், கேமரா பையை இறக்கி வைப்பதற்குள் தோளில் டிக்கெட் பையை மாட்டிவிட்டார்கள். ரெஜினா அக்காகூட என்னைப் பரிசோதிக்கத்தான் வந்தார், பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். இந்தக் கூடத்தில் இப்போது பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிறவர்களில் எண்ணிப் பார்த்தால், அந்த நீலச் சேலை இருக்கிறாள், கட்டிலின் பின்கால் பக்கம் நடந்துவந்தவள், இந்தச் சின்னப் பெண்ணின் மாமியார் இருக்கிறார், குடம் பிடித்தவர், சாட்சி சொல்ல ஒரு ஆள் மிச்சம் இல்லை.

நெற்றி சுடுகிறதா. இல்லை, என் கைதான் சூடு. அழுகை நின்றுவிட்டது, இப்போது என் தாலிச் சரடை வாயில் வைத்துச் சப்புகிறாள். பதினொன்று முப்பத்தொன்று. யோசி வடிவு. சரி, உண்மையைச் சொல், இந்தப் பக்கம் இருக்கத்தான் வேண்டுமா. ஏழெட்டு ஊர் சுற்றின ஒரு படக்கம்பெனி, இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் யாருக்குத் தெரியும். போன மாசம் நான் என்ன செய்தேன், ஒரு கல்யாண போட்டோ ஸ்டுடியோக்காரர் தன் கடையைப் பற்றித் தானே ஒரு பக்கம் எழுதியிருந்தார், போய் நானே சிவப்புப் பட்டை வைத்தேன், 'விளம்பரம், நீக்குக' என்று கையெழுத்தும் போட்டேன். "அக்கா, பத்து வருசமா நடத்துறோம், ஊர்ல எல்லாருக்கும் தெரியும்" என்று எழுதினார் பாவம். ஊரில் எல்லாருக்கும் தெரிவது போதாது தம்பி, ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தர் எழுதியிருக்க வேண்டும் என்று பெரிய மனுஷி மாதிரிப் பதில் சொன்னேன். சொன்னது சரிதான், இன்றைக்கும் அதையே சொல்வேன். எனக்குப் பிடிக்கும் என்பதோ, அண்ணன் நல்லவர் என்பதோ, முந்நூற்றுப் பதினேழு பேர் கட்டிலோடு வெயிலில் நடந்தார்கள் என்பதோ காரணமே ஆகாது. அளவுகோல் என்றால் எல்லாருக்கும் ஒரே அளவுகோல், என் பிள்ளையைத் தராசில் வைத்தால் மட்டும் முள் கூடக் காட்டுமா, ஒன்பது கிலோ பத்தாகுமா. அந்த ஸ்டுடியோ தம்பிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று ராத்திரியும் பகலும் ஏழு நாளாக இதே இடத்தில் வந்து நிற்கிறேன், நிற்கிறபோதெல்லாம் காலில் ஒரு முள் குத்துகிறது, அது என்ன முள் என்று எனக்குத் தெரியும், தெரிந்தே குனிந்து பார்க்காமல் இருந்தேன். அந்தப் பெயர்ப்பட்டியலில் முதல் பெயர் பொன்வடிவு. ஏழு மாத வயிற்றோடு வீட்டுக்காரருக்குச் சோற்று வாளி கொண்டுபோனேன், "வடிவு, அந்தக் கட்டில்ல சும்மா ஒரு நிமிசம் படு பாப்போம்" என்றார் அண்ணன், பதினாறு நாள் படுத்திருந்தேன். வலி வந்த பெண் நான்தான். தேரிக்காட்டு முயல்தான் பொன்வடிவு என்று ஆந்தை சாருக்குத் தெரியாது. சம்பந்தப்பட்டவர் எழுதினால் அதைச் சொல்லிவிட்டு எழுத வேண்டும் என்பது விதி. நான் சொல்லவில்லை. ஸ்டுடியோ தம்பியாவது தன் பெயரில் எழுதினான்.

இன்னொரு முள்ளும் உண்டு, அது இதைவிடப் பெரிசு. வெளியாள் ஒருத்தன் இல்லவே இல்லை என்று ஏழு நாளாகச் சொல்கிறேனே, பொய். ஒருத்தர் இருக்கிறார். நீலமேகம். 'வெண்துணி' என்று ஒரு காலாண்டிதழ், சினிமா பற்றி மட்டும் வருவது, போன வருடம் பக்கத்து ஊரில் படம் காட்டினபோது அதிலிருந்து ஒருத்தர் வந்திருந்தார் என்றார்கள், நான் பார்க்கவில்லை, பிறகு டவுனில் புத்தகக் கடையில் அந்த இதழ் தொங்கினது, ஆசையாக வாங்கிப் பிரித்தேன், மூன்று பக்க விமர்சனம். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே படித்தேன். படம் இழுவை, சத்தம் சரியில்லை, என் வீட்டுக்காரரின் ரேடியோ செட்டை ஒரு பத்தி முழுக்கக் கழுவி ஊற்றியிருந்தார், அதுவரைக்கும்கூடச் சிரித்துக்கொண்டுதான் படித்தேன், சத்தம் சரியில்லை என்று நானே சொல்லியிருக்கிறேன். அதற்குக் கீழே என் பெயர். என் பெயரை அச்சில் நான் பார்த்த முதல் தடவை அதுதான். படித்தேன், காது சிவந்தது, பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது, வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மட்டும் கிழித்தேன். எரித்திருக்கலாம். எனக்குக் காகிதத்தை எரிக்க மனசு வராது, அடுக்களை மேல்தட்டில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்கு அடியில் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி விரித்துவிட்டேன், மறுபக்கம் எழுதியிருந்ததைப் படிக்கவும் இல்லை, அந்த ஆள் எழுதினதில் இன்னொரு வரி படிக்க மாட்டேன் என்று ஒரு வீம்பு. இதழின் மிச்சம் பழைய பேப்பர்காரருக்குப் போய்விட்டது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. நான் ஏன் அந்த இடத்தில் அப்படிச் செய்தேன் என்று அவர் என்னிடம் கேட்டாரா, கேட்கவில்லை, அவருக்கு எப்படித் தெரியும். அதை எடுத்து இன்று உரையாடலில் வைத்தால் பக்கம் நிற்கும். நின்றால் என்னை அவர் சொன்னதும் அதோடு சேர்ந்து நிற்கும். என்றைக்கும். தாமிரா பெரிசாகிப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரில் தேடிப் படிக்கிற மாதிரி. வைக்காவிட்டால் ஒன்றும் குறையாது, பன்னிரண்டு மணிக்கு மேல் பருப்பு, சோறு, தூக்கம், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. அண்ணன்கூட "போனா போவுதுட்டி, படம் இருக்குல்லா" என்பார். பதினொன்று முப்பத்தாறு. போகட்டுமா. போகட்டுமா என்று நினைக்கிறபோதே கட்டைவிரல் அத்தை நம்பரை அழுத்திவிட்டது, என் கட்டைவிரல் என்னைவிட நேர்மையானது.

மடியில் பிள்ளை, ஒரு கையில் ரெஜினா அக்காவிடம் வாங்கின பேனா, போனை பெஞ்சில் வைத்து ஸ்பீக்கரில் போடுவதைத் தவிர வழியில்லை. அத்தை, என் மாமியார், எடுத்ததும், "பிள்ளைக்கு ஊசி போட்டாச்சா?" "போட்டாச்சு அத்தை. அடுக்களையில மேத்தட்டுல மிளகாப்பொடி டப்பா இருக்குல்லா, அதைத் தூக்குங்க." "அழுதாளா?" "அழுதா. டப்பா அத்தை." "காய்ச்சல் அடிக்கா?" "அடிக்கல. அத்தை, டப்பா, நேரமாவுது." "தூக்கிட்டேம்ட்டி, எதுக்குப் பறக்க? பல்லி கில்லி கெடக்கா?" அடியில் ஒரு தாள் இருக்கும், எடுத்துக் கவிழ்ந்திருக்கிற பக்கத்தை வாசியுங்கள், மேல் ஓரத்தில் இருப்பதை முதலில் என்றேன். தும்மல். இன்னொரு தும்மல். எங்கள் வீட்டு மிளகாய்ப்பொடி அப்படி. "வெண்துணி... மலர் நாலு, இதழ் மூணு... பக்கம் முப்பத்தொண்ணு." அட்டையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். சரி, அப்படியே கீழே என் பெயர் வருகிற இடத்தை மட்டும், மெதுவாக, என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி உரக்க ஆரம்பித்துவிட்டார். "கர்ப்பிணியாக வரும் பொன்வடிவு என்பவர்... ஏட்டி, ஒன் பேரு போட்டுருக்கு! ...பிரசவ வலியில் துடிக்க வேண்டிய இடத்தில், யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் சிரிக்கிறார். படத்தின் உச்சகட்டம் அந்தச் சிரிப்போடு செத்துப்போகிறது." கூடத்தில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகூட அந்த நேரம் பார்த்து நிறுத்திவிட்டது. நீலச் சேலை என்னைப் பார்க்கிறாள். ரெஜினா அக்கா ஊசியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். என் காது திரும்பவும் சிவக்கிறது, பஸ் ஸ்டாண்டில் சிவந்த அதே காது. "யாருட்டி இந்த எடுபட்ட பய? எங்க வீட்டுப் பிள்ளைய இப்பிடிச் சொல்ல இவன் யாரு? இத எதுக்குட்டி டப்பாக்கு அடியில வச்ச?" "நீங்க பாத்துறக் கூடாதுன்னுதான் அத்தை." போனில் டப்பாவைத் தட்டில் வைக்கிற சத்தம். பிறகு, வேறு குரலில், "ஒரு வருசமா இத வச்சுக்கிட்டா எனக்கு மிளகாப்பொடி எடுத்துத் தந்த?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "திருப்புங்க அத்தை. மறுபக்கம். அத நானும் படிச்சதில்ல."

"பஸ் டிரைவரைத் திட்டும் அந்தக் கிழவி ஒருவர்தான்... நடிக்கத் தெரிந்தவர்." அத்தை நிறுத்தினார். "ஏட்டி, டிரைவர வஞ்சது நாந்தான?" "நீங்கதான் அத்தை." "கிழவியா? எனக்கு அம்பத்தொண்ணுதானட்டி!" இந்தத் தடவை கூடமே சிரித்துவிட்டது, ரெஜினா அக்கா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார், சிரிப்பைப் பார்த்துத் தாமிராவும் பல்லைக் காட்டினாள். "இருந்தாலும், நடிக்கத் தெரிஞ்சவன்னு போட்டுருக்காருல்லா," என்றார் அத்தை. இரண்டு நிமிடத்தில் எடுபட்ட பய மரியாதைக்காரர் ஆகிவிட்டார். "போட்டுருக்காரு அத்தை. இன்னும் இருக்கா?" "கடைசியா ஒண்ணு கெடக்கு. இரு. படம் தொடங்குவதற்கு முன், திரை கட்டும் கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டிப் பிடிக்கச் சொன்னார்கள். நான் விமர்சகன், வேலையாள் அல்ல என்று மறுத்துவிட்டேன். படம் தொடங்கும்வரை அரை மணி நேரம் மைதானத்தில் தனியாக நின்றேன். அம்புட்டுதான். கீழ பேரு நீலமேகம்." நான் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன், "இருட்டி!" என்று ரெஜினா அக்கா அதட்டினார், உட்கார்ந்தேன். கயிற்றைப் பிடிக்காத ஆள். முந்நூற்றுப் பதினேழு பேரும் இழுத்த இழுப்புக்கு வந்தார்கள், கண்டக்டரானார்கள், தாசில்தாரானார்கள், தூங்கினார்கள், இந்த ஒரு மனுஷர் மட்டும் கையை நீட்டவில்லை. நாங்கள் ஏழு நாளாகத் தேடின வெளியாள் தன் வாயாலேயே நான் வெளியாள் என்று எழுதி வைத்திருக்கிறார், என் மிளகாய்ப்பொடி அதன்மேல் ஒரு வருடமாக உட்கார்ந்திருந்திருக்கிறது. அந்த சந்தோஷத்துக்கு நடுவிலேயே இன்னொன்றும் தோன்றினது, அரை மணி நேரம் தனியாக நின்றிருக்கிறார், எல்லாரும் கயிறு இழுக்க, பெஞ்சு தூக்க, ரேடியோ செட் கட்ட, ஒருத்தர்கூட அவரிடம் திரும்பப் போய்ப் பேசவில்லைபோல. ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம். நான் அன்றைக்குப் போயிருந்தால் கொடுத்திருப்பேன். பதினொன்று நாற்பத்திரண்டு, வடிவு, டீ பிறகு கொடுக்கலாம்.

அத்தை என் வீட்டுக்காரர் போனிலிருந்து இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினார், ஒன்றில் பாதி அவர் விரல், மஞ்சள் கறைக்கு நடுவில் எழுத்து நன்றாகவே தெரிகிறது. உரையாடலில் எழுத ஆரம்பித்தேன். இதழ், மலர், பக்கம். மூன்று பக்க விமர்சனம், எழுதியவருக்கும் நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை, கயிற்று வரியை மேற்கோள் குறிக்குள் முழுசாகப் போட்டேன். விமர்சனம் பாதகமானது என்றும் எழுதினேன், பாராட்டினால்தான் மூலம் என்று விதியில் இல்லை. அங்கேயே அனுப்பியிருக்கலாம். கட்டைவிரல் பொத்தானுக்கு மேல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் ஸ்டாண்டைப் போட்டார்கள், உள்ளே ரெஜினா அக்கா "அடுத்தது யாரு, ஒம்பதாம் மாசம்" என்றார். நான் யார் என்று சொல்லாமல் அனுப்பினால் நான் அந்தக் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பிடிக்கவில்லை என்று சொல்கிற ஆள். ஆனால் சொன்னால், முயல் இத்தனை நாள் மறைத்தாள் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு, குளம், மீன், கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் கிளறினால்? கிளறட்டும், குளம் குளம்தான், மேற்கோள் இருக்கிறது. மேலே போய் முதல் வரியாகச் சேர்த்தேன்: 'அறிவிப்பு: தேரிக்காட்டு முயலாகிய நான் இப்படத்தில் நடித்த பொன்வடிவு. இந்நிறுவனத்தின் ஒலி வேலை செய்பவர் என் கணவர். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தவறு. முன்பு நான் இட்ட "வைத்திருக்கலாம்" என்ற கருத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கீழே உள்ள மூலத்தை மட்டும் பாருங்கள்.' அனுப்பினேன். பதினொன்று நாற்பத்தெட்டு. அனுப்பினதும் உடம்பு லேசாகிவிட்டது, இவளைப் பெற்ற மறுநிமிடம் இருந்ததே அந்த மாதிரி, இனி நடக்கிறது நடக்கட்டும், பசிக்கிறது.

பதினொன்று ஐம்பது. ஒன்றும் இல்லை. பக்கத்துச் சின்னப் பெண் குனிந்து, "அக்கா, அந்தப் படம் இருக்குமா, போயிருமா?" என்கிறாள். படம் இல்லை, படத்தைப் பற்றின பக்கம் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானக்கா?" இல்லைம்மா என்று சொல்ல வாயெடுத்து, எப்படி இல்லை என்று விளக்கத் தெரியாமல் அவள் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினேன். ஐம்பத்தொன்று. ஆந்தை சார் ஆபீஸில் இருப்பாரோ, சாப்பிடப் போயிருப்பாரோ, ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது என்பார்களே, சீ, என்ன நினைப்பு. ஐம்பத்திரண்டு. தாமிராவின் நெற்றி இப்போது நிஜமாகவே லேசாகச் சுடுகிறது, இல்லை, ஜன்னல் வெயில், இந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன். ஐம்பத்து மூன்று. போன் நடுங்கினது. ஆந்தைவிழி எழுதியிருக்கிறார்: 'இரண்டாவது மூலம் சார்பற்றது, விரிவானது. கயிற்றைப் பிடிக்க மறுத்தவரைவிடச் சார்பற்ற ஒருவர் வேண்டுமா என்ன? நீக்கல் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். முயல், அறிவிப்புக்கு நன்றி, தாமதமாக வந்தாலும் வந்தது. நீங்கள் தொடர்புடையவர் என்பதால் இனி இக்கட்டுரையில் நேரடியாகக் கைவைக்க வேண்டாம். விமர்சனத்தை நானே சேர்க்கிறேன்.' நான் கத்தினேனா என்று தெரியவில்லை, கத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் கூடத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன. "நின்னுட்டாட்டி?" என்றார் ரெஜினா அக்கா. நின்னுட்டு அக்கா! "அப்ப நீ எந்திரி, மணி அம்பத்தஞ்சு, அரை மணி ஆச்சு, காய்ச்சல் இல்ல, போ." எழுந்திருக்கவில்லை. பக்கத்தைத் திறந்தேன். நெற்றியில் பட்டை இல்லை, துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். கீழே புதிதாக ஒரு தலைப்பு, வரவேற்பு. அதன் கீழே ஆந்தை சாரின் கை, அளந்து வைத்த மாதிரி வாக்கியம்: 'முதன்மைப் பாத்திரத்தில் நடித்த பொன்வடிவு, பிரசவ வலிக் காட்சியில் சிரிப்பதாக விமர்சகர் நீலமேகம் குறிப்பிட்டார்.' பக்கத்தில் சின்னதாக மேற்கோள் எண். அதில் நான் இருக்கிறேன். மோசமாக நடித்தவளாக, ஆனால் பக்கம் முப்பத்தொன்றோடு, அசைக்க முடியாதபடி இருக்கிறேன். படித்தேன், திரும்பப் படித்தேன், காது சிவக்கவில்லை. தாமிராவை நிமிர்த்தி மடியில் நிற்கவைத்தேன், இங்கே பார், அம்மா பேர். அவள் பேரைப் பார்க்கவில்லை, ஊசி போடாத காலைத் தூக்கி என் வயிற்றில் ஓங்கி ஒரு உதை விட்டாள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதே சிரிப்பு. அன்றைக்கும் இதுதான் நடந்தது. கட்டிலைத் தூக்கிவிட்டார்கள், கேமரா ஓடுகிறது, கத்துட்டி வடிவு, வலி வந்துட்டு கத்து என்று அண்ணன் ஜாடை காட்டுகிறார், நான் வாயைத் திறக்கிறேன், உள்ளேயிருந்து இவள் உதைத்தாள், அதுவரைக்கும் உதைக்காத உதை. எப்படிச் சிரிக்காமல் இருப்பது. அந்தச் சிரிப்புக்குக் காரணம் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், அதை அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் எழுதினால் எத்தனை நன்றாக இருக்கும், விரல்கூடத் திருத்து என்கிற பொத்தான்மேல் போய்விட்டது, எடுத்துவிட்டேன். நான் தொடர்புடையவள். இவளோ என்னைவிடத் தொடர்புடையவள். வெளியே பன்னிரண்டேகால் பஸ் கொஞ்சம் முன்னாலேயே வந்து ஹாரன் அடிக்கிறது, கிளம்பு, போகலாம். ஆதாரம் என் இடுப்பில் ஏறி உட்கார்ந்து இன்னொரு உதை விடுகிறது, மேற்கோள் மட்டும் இல்லை.